வண்ணான் இருந்தான், ராஜா இருந்தார்

அன்றைக்கு விழுப்புரத்தில் லேப் வேலை முடிந்து திரும்பி வந்து பார்த்தபோது என் மகள் தாத்தாவின் இஸ்திரி கடையில் இல்லை. பள்ளி வேன் அவளைக் கடை வாசலில்தான் இறக்கிவிடும். நான் வரும்வரை மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தாத்தா மடித்து வைக்கும் சட்டைகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருப்பாள். அன்று என் அப்பா மட்டும் தனியாக ஒரு பேன்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள எங்கப்பா?"

"வேன்ல இருந்து எறங்கனதுமே ஊட்டுக்குப் போறேன்னு ஒரே அழுவ. பக்கத்து ஊட்டு அம்மாகிட்ட உட்டுட்டு வந்தேன். இன்னாடா கண்ணு ஆச்சின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

நான் ஓடினேன். ஷூவைக்கூடக் கழற்றாமல், சீருடையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஐந்து வயது, யுகேஜி. என்னைக் கண்டதும் அழவில்லை. ஏதோ பெரிய சந்தேகத்தைக் கேட்க இவ்வளவு நேரம் காத்திருந்தவள் போலக் கேட்டாள்:

"அம்மா, நம்ம தாத்தா கழுதை வச்சிருந்தாரா?"

அந்த வாரம் பள்ளியில் கதை வாரம். 'நம்ம ஊர்க் கதைகள்' என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். தினமும் ஒரு நாட்டுப்புறக் கதை, ஆசிரியை நடித்துக் காட்டுவார், பிள்ளைகளும் சேர்ந்து நடிப்பார்கள். எந்நேரமும் ஆங்கிலப் பாட்டையே பாடவைக்கும் பள்ளியில் இப்படி ஒரு நல்ல காரியமா என்று எனக்கே மகிழ்ச்சிதான். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்ததும் முதலில் கைதட்டும் பொம்மையைப் போட்டவள் நான்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கதையை அவளிடமிருந்து வாங்கினேன். ஒரு ஊரில் ஒரு வண்ணான் இருந்தான். பெரிய சோம்பேறி. ராணியின் பட்டுப் புடவையைத் துவைக்கப் போன இடத்தில் தூங்கிவிட்டான். புடவை ஆற்றோடு போய்விட்டது. அரண்மனையில் போய், புடவையைக் கழுதை தின்றுவிட்டது என்று புளுகினான். ராஜா மகா புத்திசாலி. "அப்படியா? கழுதையே வந்து சாட்சி சொல்லட்டும்" என்றார். வண்ணான் கழுதையின் வயிற்றுக்கு அடியில் ஒளிந்துகொண்டு கழுதைக் குரலில் பேசினான். ராஜா கண்டுபிடித்துவிட்டார். "இனிமேல் நீ மனுஷ பாஷை பேசக்கூடாது, கழுதை மாதிரியே கத்த வேண்டும்" என்று தண்டனை கொடுத்தார். அன்று முதல் வண்ணான் தெருவில் போனால் ஊர்ப்பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டே போவார்கள்.

"எல்லாரும் கத்துங்க பார்க்கலாம்" என்று ஆசிரியை சொல்ல, வகுப்பே கழுதையாகக் கத்தியிருக்கிறது. கத்தி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "மிஸ், இவ தாத்தா துணி தேய்க்கிறாரு மிஸ். நான் பாத்துருக்கேன்" என்றானாம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வீட்டுத் துணியும் எங்கள் கடைக்கு வருகிறது. பார்த்ததைச் சொன்னான். ஆனால் அதற்கப்புறம் சாப்பாட்டு நேரத்திலும், வேனில் வரும்போதும் என் மகளைப் பார்த்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். கதையில் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்கள்.

ஷூவைக் கழற்றிவிட்டு, முகம் கழுவிவிட்டு, இரண்டு பிஸ்கட்டைக் கையில் கொடுத்தேன். அதைத் தின்னாமல் அடுத்ததைக் கேட்டாள்.

"அம்மா, ராஜா மட்டும் இருந்தாரு. வண்ணான் மட்டும் ஏன் இருந்தான்?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தார். ஒரு வண்ணான் இருந்தான்.' எத்தனை முறை கேட்டிருக்கிறேன், என் பள்ளிக்கூடத்தில், ரேடியோவில், புத்தகத்தில். ராஜா கதை தொடங்கும்போதே 'ஆர்' வாங்கிக்கொண்டு வருகிறார். அவர் திருடனாக இருந்தாலும் முட்டாளாக இருந்தாலும் கதை முடியும்வரை 'ஆர்' அவரை விட்டுப் போகாது. துணி வெளுப்பவனும் முடி வெட்டுபவனும் பானை செய்பவனும் வாயைத் திறப்பதற்கு முன்பே 'ஆன்' ஆகிவிடுகிறார்கள். முப்பது வயது தாண்டியும் நான் கவனிக்காததை, கூட்டல் கணக்கே தெரியாத பிள்ளை ஒரே மதியத்தில் கவனித்துவிட்டது. யாரும் அவளுக்குச் சாதி என்று சொல்லித் தரவில்லை. கதையே சொல்லித் தந்துவிட்டது.

என் அப்பா விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அந்த ஊர் முழுவதற்கும் துணி வெளுத்தார்கள். அங்கே அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது ரேஷன் கடைக்கு மட்டும்தான் தெரியும். கரும்புத் தோட்டத்துக்காரர் வீட்டில் நடை பழகும் பிள்ளைகூட என் தாத்தாவை 'டேய்' என்றுதான் கூப்பிடுமாம். அந்த 'டேய்' காதில் விழாத இடம் வேண்டும் என்றுதான் அப்பா கல்யாணமானதும் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் வந்தார். இங்கே அவர் அண்ணன். "அண்ணே, சட்டை ரெடிங்களா?" என்று கேட்பார்கள். அந்த 'ங்க'வுக்காகவே அவர் தன் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அவருடைய பேத்திக்கு, அதே 'டேய்' பள்ளிக்கூடம் வழியாக, கதை என்று பேர் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

குழுவைத் திறந்து பார்த்தேன். வீடியோ போட்டிருந்தார்கள். வகுப்பே கழுத்தை நீட்டிக் கத்துகிறது. கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். "சூப்பர் மிஸ்", "எங்க பையன் வீட்லயும் நிறுத்தவே மாட்டேங்கறான்" என்று பெற்றோர்கள். வீடியோவின் ஓரத்தில் என் மகள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். அத்தனை பேர் பார்த்த வீடியோவில் அந்த ஒரு முகத்தை யாரும் பார்க்கவில்லை.

நான் எழுதினேன். "இந்தக் கதையால் என் மகளை மற்றப் பிள்ளைகள் கேலி செய்திருக்கிறார்கள். வீடியோவை எடுத்துவிடுங்கள். ஒரு தொழில் செய்பவரைக் கேவலப்படுத்தும் கதை பிள்ளைகளுக்கு வேண்டாம்." மரியாதையாகத்தான் எழுதினேன். பிறகு ஒரு அம்மா எழுதினார்: "கதையைக் கதையா பாருங்க சிஸ்டர்." அதற்கும் நான்கைந்து கட்டைவிரல்கள். இன்னொரு பெண்மணி தனியாக எனக்கு மட்டும் அனுப்பினார்: "தப்பா நினைக்காதீங்க, நீங்க எந்த ஆளுங்க?"

அதற்கு நான் பதில் போடவில்லை. போட்டிருந்தால் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தையாக இருந்திருக்கும்.

மறுநாள் லேபில் லீவு சொல்லிவிட்டேன். கிளம்பும்போது அப்பா கடையைத் திறக்காமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எதுக்கும்மா பேஜாரு? புள்ள அங்கதான படிக்கணும். நாங்க பாக்காததா? அந்தக் கதயெல்லாம் நான் சின்னப் புள்ளையா இருக்க சொல்லவே கேட்டுருக்கேன். மூட்டைய எடுத்துக்கினு போயி நிப்பேன், அந்த ஊட்டு ஆளுங்க இதமாரிதான் சொல்லிக்கினு சிரிப்பாங்க. நானும் சேந்து சிரிப்பேன்."

"நீ ஏம்பா சிரிச்ச?"

"சிரிக்கலன்னா அடிப்பாங்கம்மா" என்றார்.

பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் என் மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

தாளாளர் நல்ல மாதிரியாகத்தான் வரவேற்றார். உட்காரச் சொன்னார். வகுப்பாசிரியையையும் வரவழைத்தார். சின்னப் பெண். கல்லூரி முடித்து ஓரிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். வந்ததும் கைக்குட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"பாருங்கம்மா, இது நம்ம பாரம்பரியம்" என்று தாளாளர் தொடங்கினார். "காலங்காலமா சொல்ற கதை. நாங்க யாரையும் மனசுல வச்சு சொல்லல."

"யாரையும் மனசுல வைக்காததுதாங்க சார் பிரச்சன. வகுப்புல யார் யார் புள்ள உக்காந்திருக்குன்னு ஒருத்தர் நெனச்சிருந்தாகூட அந்தப் புள்ளைங்கள கத்த வச்சிருக்க மாட்டாங்க."

"அதுக்காகக் கதைய மாத்த முடியுமாம்மா?"

நான் ஆசிரியையிடம் திரும்பினேன். "இன்னிக்கி இன்னா கதைங்க மிஸ்?"

அவர் எதையும் மறைக்கத் தெரியாமல் சொன்னார்: "அம்பட்டன் கதை மேடம். பேராசை புடிச்ச…" பாதியிலேயே நிறுத்திவிட்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த வகுப்பிலேயே சலூன் கடைக்காரரின் மகன் ஒருவன் படிக்கிறான். அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்தப் பையனையும் இன்னிக்கி கேலி பண்ணணுமா?" என்றேன்.

தாளாளர் பேச்சை வெட்டினார். பிரச்சினையை முடித்துவைக்கும் பெரிய மனிதர்களின் குரலில் சொன்னார்: "சரிம்மா, உங்க மனசு எனக்குப் புரியுது. ஒண்ணு பண்ணலாம். இந்த வாரம் கதை பீரியட்ல மட்டும் பாப்பாவ ஆபீஸ் ரூம்ல உக்கார வச்சிடறோம். பொம்மை குடுக்கறோம், விளையாடட்டும்."

நான் எழுந்துவிட்டேன்.

"எங்கள ஒதுக்கி உக்கார வைக்கறது எங்களுக்குப் புதுசு இல்லீங்க சார். அஞ்சு வயசுலயே ஆரம்பிக்கணுமா? கேலி பண்ற கதை உள்ள இருக்கும், எம்பொண்ணு வெளிய போவணுமா?"

வெளியே பள்ளி ஆயா தரை துடைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். தாளாளருக்கு அதுதான் சங்கடமாக இருந்தது என்று நினைக்கிறேன், நான் சொன்னது அல்ல.

"இப்ப நீங்க என்னதாம்மா பண்ணச் சொல்றீங்க?"

"வீடியோவ எடுங்க. அந்தக் கதை வேணாம். பாரம்பரியம்தான வேணும்? நான் வந்து ஒரு கதை சொல்றேன். எங்க வீட்டுக் கதையும் பாரம்பரியம்தான்."

இதைச் சொல்வேன் என்று நானே நினைத்து வரவில்லை. என்னை அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்த அவர், "தாராளமா, வெள்ளிக்கிழமை வாங்க" என்றார். வீடியோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வராந்தாவில் அந்த ஆசிரியை என் பின்னாலேயே வந்தார். "மேடம், எங்க வீட்ல எனக்கு இப்படித்தான் சொன்னாங்க. நான் யோசிக்கவே இல்ல மேடம். இன்னிக்கி அந்தக் கதைய சொல்லல. சாரி." நான் தலையாட்டினேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதே பாதி போய்விட்டது. ஆனால் 'யோசிக்கவே இல்லை' என்ற வார்த்தையின் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஒரு ஊரே யோசிக்காமல் சிரித்துக்கொண்டிருக்க முடியும் என்றால், யோசித்தே ஆகவேண்டிய கட்டாயம் யார் தலையில் விழுகிறது? ஓரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கும் பிள்ளையின் தலையில்.

வெள்ளிக்கிழமை போனேன். நான் சொன்னது என் அம்மா துணி ஊறவைத்துக்கொண்டே சொன்ன கதை. அம்மா, என் மகளுக்கு ஆயா, இப்போது இல்லை. கதையில் இரண்டொரு இடம் எனக்கு மறந்துபோயிருந்தது, நானே இட்டுக்கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். நான் அவளையே பார்க்கக்கூடாது என்று மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே தொடங்கினேன்.

"ஒரு ஊர்ல துணி வெளுக்கற ஒரு அம்மா இருந்தாங்க. அந்த ஊருக்கு ஒரு ராஜாவும் இருந்தாரு."

கடற்கரைப் பக்கம், முந்திரித் தோப்பு நிறைந்த ஊர். ஒரு சின்னப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரே ஒரு முந்திரி மரம். தினமும் அதில் பழம் காணாமல் போகிறது. அவள் அரண்மனையில் போய் முறையிடுகிறாள். ராஜா, "உன் மரத்துப் பழத்தை நீயே தின்றுவிட்டு என்னிடம் பொய் சொல்கிறாயா?" என்று அதட்டி அனுப்பிவிடுகிறார். மறுநாள் அரண்மனையிலிருந்து அந்த அம்மாவுக்குத் துணி வருகிறது. ராஜாவின் வெள்ளை வேட்டியில் ஒரு கறை. அந்த அம்மா உவர்மண் போட்டுத் துவைக்கிறார்கள். போகவில்லை. துணியை ஆவியில் வேகவிட்டு வெள்ளாவி வைக்கிறார்கள். போகவில்லை. கறை வாய் திறந்து பேசுகிறது.

இந்த இடத்தில் என் அம்மா பாடுவதுபோலச் சொல்வாள். நானும் அப்படியே சொன்னேன்.

"தேச்சாலும் போவமாட்டேன், தொவைச்சாலும் போவமாட்டேன், எங்கிருந்து வந்தேன்னு கேட்டாத்தான் போவேன்!"

இரண்டாம் முறை சொல்லும்போதே பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் முறை நான் வாயே திறக்கவில்லை. அவர்களே கத்தினார்கள்.

அந்த அம்மா கறையைக் கேட்கிறார்கள். அது சொல்கிறது: "நான் முந்திரிப் பழத்துச் சாறு. அந்தச் சின்னப் பொண்ணு மரத்துல இருந்தேன்."

முன் வரிசையில் ஒரு பெண் குழந்தை வாயில் கையை வைத்துக்கொண்டது. தாத்தா துணி தேய்க்கிறார் என்று அன்றைக்குச் சொன்ன அதே பையன் எழுந்து நின்றான். "மிஸ், அப்ப ராஜாவா திருடனாரு?"

"ஆமாப்பா."

"ராஜா திருடுவாரா மிஸ்? அவர்கிட்டதான் எல்லாம் இருக்கே!"

"அதுதான் அந்தப் பொண்ணுக்கும் புரியல" என்றேன்.

அந்த அம்மா வேட்டியை மடிக்காமல் அப்படியே விரித்துப் பிடித்துக்கொண்டு ஊர் நடுவே நடந்து அரண்மனைக்குப் போகிறார்கள். ஊரே பின்னால் போகிறது. ராஜா தலை குனிகிறார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறார். கறை போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. என் அம்மா சொல்லும்போது ராஜாவுக்கு இன்னும் கடுமையான தண்டனை உண்டு. பிள்ளைகளுக்கு இது போதும் என்று விட்டுவிட்டேன்.

என் மகளைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்துப் பிள்ளையிடம், "இது எங்க ஆயா கதை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மறுநாள் காலையிலேயே குழுவில் தாளாளரின் அறிவிப்பு வந்தது. சில பெற்றோர் வருத்தம் தெரிவித்திருக்கிறார்களாம். சிறு பிள்ளைகள் மனதில் சாதி உணர்வைத் தூண்டும் விஷயங்களைத் தவிர்க்க வேண்டுமாம். இனி வெளியாட்கள் கதை சொல்ல அனுமதி இல்லையாம்.

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் சொன்ன கதையில் சாதிப் பெயர் ஒன்றுகூட இல்லை. 'துணி வெளுக்கற அம்மா' என்றேன், அவ்வளவுதான். வண்ணான் சோம்பேறி, புளுகன், கழுதை என்று அவர்கள் சொன்னபோது அது பாரம்பரியம். துணி வெளுக்கும் ஒரு அம்மா நிமிர்ந்து நடந்தார்கள் என்று நான் சொன்னால் அது சாதி. அந்த அறிவிப்புக்கு மேலே, கழுதை வீடியோ இன்னும் அப்படியே இருந்தது.

பதில் எழுதப் போனேன். குழுவில் இனி பள்ளி மட்டும்தான் எழுத முடியும் என்று மாற்றிவிட்டிருந்தார்கள்.

சரி, வாயை அடைத்தால் கால் இருக்கிறது. அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். வழக்கமாக வீட்டுப்பாடம், வேன் நேரம் என்று பேசிக் கலைந்துவிடுவார்கள். தாளாளர் பேசி முடித்து "வேற ஏதாவது?" என்றதும் எழுந்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அந்த வீடியோவைப் போனில் போட்டு எல்லோருக்கும் முன்னால் பிடித்தேன்.

"ஓரமா நிக்கற புள்ளைய மட்டும் பாருங்க. வேற யாரையும் பாக்காதீங்க" என்றேன். "இத எடுக்கலன்னா நான் கல்வி அதிகாரிகிட்ட இதே வீடியோவோட போவேன்."

ஒருவர் செருமினார். 'எந்த ஆளுங்க' என்று கேட்ட பெண்மணி தன் கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினார். அப்போது பின்னாலிருந்து சலூன் கடைக்காரர் எழுந்தார். அவரிடம் நான் இதைப் பற்றி முன்னமே ஒருமுறை பேசியிருந்தேன். "எதுக்குங்க வம்பு" என்று அன்றைக்கு நழுவிவிட்டார்.

"அதுக்கு அடுத்த கதை என் தொழிலப் பத்தி இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேன்" என்றார். "நாளைக்கி எம்பையன் இங்க தல குனிஞ்சிக்கினு உக்காந்தா, நான் எதுக்குங்க அவன இந்த ஸ்கூல்ல சேத்தேன்?"

அதற்குப் பிறகு இன்னொரு அம்மா, எனக்குப் பழக்கமே இல்லாதவர், "அவங்க கேக்கறது நியாயம்தான சார்? எடுத்துடுங்க" என்றார். மூன்று பேர்தான். அவ்வளவு பெரிய ஹாலில் மூன்று பேர்.

"சரி, சரி, எடுத்துடறோம். இதைப் பெருசு பண்ண வேணாம்" என்றார் தாளாளர். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆசிரியை மட்டும் அங்கேயே போனை எடுத்து வீடியோவை அழித்தார். அம்பட்டன் கதையும் கடைசிவரை சொல்லப்படவில்லை என்று மகள் மூலம் தெரிந்துகொண்டேன்.

"பெருசு பண்ணாதே" என்று இதற்குப் பிறகும் எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. ரயிலில் கூட வருபவர்கள் சொன்னார்கள், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், என் கணவரும் ஒருமுறை சொன்னார். சின்னக் கதைதானே என்கிறார்கள். சின்னது என்பதால்தான் அது சின்னப் பிள்ளைக்குள் போகிறது. பெரியவர்களிடம் ஒருவன் மேடை போட்டு இதைச் சொன்னால் கேள்வி கேட்க ஆள் இருக்கும். ஐந்து வயதில், பிடித்த மிஸ் வாயால், கைதட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டதை எந்த வயதில் எதைப் போட்டு வெளுப்பது?

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பிள்ளைகள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் மகளும், அவள் தாத்தாவைப் பற்றி வகுப்பில் எழுந்து சொன்ன அந்தப் பையனும் சறுக்குமரத்தில் யார் முதலில் ஏறுவது என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பகையும் இல்லை, நினைவும் இல்லை. அவன் எதைச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது.

"வாடி, போலாம்" என்றேன்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டிம்மா" என்றாள்.

அவர்கள் விளையாடட்டும் என்று நின்றேன். கூட்டத்திலிருந்து வெளியே வந்த பெற்றோர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே நடந்து போனார்கள். நான் வழிவிடவில்லை.